பயிற்சித்தாளில் வளராது வாசிப்பு

கல்வியைப் பற்றிப் பேசும் மேடைகளில் யாரும் மறுக்காத கருத்து ஒன்று உண்டு. பாடப்பொருளைத் திணிக்காதீர்கள், திறனை வளருங்கள் என்பது அது. மொழிப்பாடத்தில் அந்தத் திறனுக்கு வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் என்று பெயர். ஒரு பத்தியைக் கொடுத்து மையக் கருத்தைக் கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். வெளிப்படையாகச் சொல்லாததை ஊகிக்கச் சொல்ல வேண்டும். தலைப்பு வைக்கச் சொல்ல வேண்டும். இப்படி நூறு பத்திகளில் பழகிய பிள்ளை நூற்றொன்றாவது பத்தியைத் தானே புரிந்துகொள்ளும் என்கிறார்கள். பத்தி எதைப் பற்றியது என்பது இங்கே பொருட்டே இல்லை. தேனீ வளர்ப்பாக இருக்கலாம், செயற்கைக்கோளாக இருக்கலாம். கவிதைக்கும் இதே வழிதான்: கூறுகளின் பட்டியலைக் கற்றுக்கொடுத்துவிட்டால் எந்தக் கவிதையையும் ஆராய்ந்துவிடலாம். ஆசிரியர் பயிற்சி முகாம், நாளிதழ்க் கட்டுரை, தனிப்பயிற்சி நிலையத்தின் விளம்பரத் தட்டி, எங்கும் இதே பேச்சு.

இது தவறு. மனப்பாடத்தின் பிடியிலிருந்து பிள்ளைகளை மீட்க நினைத்தவர்களே இதை முன்வைத்தார்கள். அந்த நினைப்பு நல்லது. ஆனால் ஒரு மனிதருக்கு ஒரு பக்கம் எப்படிப் புரிகிறது என்பதையே அவர்கள் பிழையாகக் கணித்துவிட்டார்கள். அந்தப் பிழைக்கான விலையை வீட்டில் புத்தகம் இல்லாத பிள்ளை கொடுத்துக்கொண்டிருக்கிறது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எழுத்துக்கூட்டிப் படிப்பது திறன்தான். அதைப் பயிற்சியால் வளர்க்கலாம், வளர்த்தே ஆக வேண்டும். தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் அந்த வேலைக்காக வந்தது, அதன் தேவையை நான் கேள்வி கேட்கவில்லை. கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் ஓர் எளிய விளக்கம் தந்தார்கள். வாசித்துப் புரிவது இரண்டின் பெருக்கல்: எழுத்தைச் சொல்லாக மாற்றும் திறன் ஒன்று, அந்த மொழியைக் கேட்டால் புரிந்துகொள்ளும் ஆற்றல் மற்றொன்று. எது பூஜ்யமானாலும் விடை பூஜ்யம். முதல் பாதியைப் பயிற்சியால் ஒரு கட்டத்தில் முடித்துவிடலாம். இரண்டாம் பாதிக்கு முடிவு கிடையாது. உலகத்தைப் பற்றி எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் அது வளரும். நம் பள்ளிகள் முதல் பாதிக்கு உரிய மருந்தை இரண்டாம் பாதிக்கும் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

அமெரிக்காவில் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இருவர் 1988இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 64 பேர். வாசிப்புத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெறுகிறவர்கள், பெறாதவர்கள் என ஒரு பிரிவு. பேஸ்பால் ஆட்டத்தை நன்கு அறிந்தவர்கள், அறியாதவர்கள் என இன்னொரு பிரிவு. ஆக நான்கு குழுக்கள். பேஸ்பால் ஆட்டம் ஒன்றின் சிறு பகுதியை வருணிக்கும் பத்தியைப் படிக்கக் கொடுத்தார்கள். பிறகு ஆடுகளத்தின் மாதிரியை முன்னால் வைத்து, மரப் பொம்மைகளை நகர்த்தி, நடந்ததைக் காட்டச் சொன்னார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட, ஆனால் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள் மிக நன்றாகச் செய்தார்கள். வாசிப்பில் கெட்டிக்காரர்களாக இருந்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகள் அவர்களுக்குக் கீழே நின்றார்கள். வாசிப்பு எங்கும் செல்லுபடியாகும் பொதுத் திறன் என்றால் இப்படி நடந்திருக்காது.

இதைக் காண நாம் அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. தமிழ்த் தேர்வில் உரைப்பத்தி வினாவில் தடுமாறும் பையன், நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு டெஸ்ட் போட்டியின் ஐந்தாம் நாள் செய்தியைப் படித்துவிட்டு, எந்த ஓவரில் ஆட்டம் திரும்பியது, கேப்டன் எங்கே தவறு செய்தார் என்று வாதாடுவான். செய்தியில் எழுதாததையும் ஊகித்துச் சொல்வான். அவனுக்கு ஊகிக்கும் திறன் இல்லை என்று எந்த அளவுகோலால் சொல்கிறோம்? அவனுக்குத் தெரிந்த உலகத்திலிருந்து பத்தியை எடுக்கவில்லை, அவனுக்குத் தெரியாத உலகத்தை நாம் அறிமுகப்படுத்தவும் இல்லை. நடந்தது அவ்வளவுதான்.

பிரான்ஸ்ஃபோர்டும் ஜான்சனும் 1972இல் செய்த சோதனை இன்னும் எளியது. துணி துவைப்பதை, துணி என்ற சொல்லே வராமல் வருணிக்கும் ஒரு பத்தி. தலைப்பு தெரியாமல் கேட்டவர்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை, நினைவிலும் நிற்கவில்லை. பத்திக்கு முன்பே தலைப்பைச் சொன்னவுடன் எல்லாம் தெளிவாகிவிட்டது. சொற்கள் எல்லாம் எளியவை, வாக்கியங்கள் நேரானவை. குறை வாசகரின் திறனில் இல்லை. பேச்சு எதைப் பற்றியது என்ற அறிவு இல்லாததே குறை.

நம் சங்க இலக்கியத்தைத் தொகுத்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. அகப்பாடல் ஒவ்வொன்றின் அடியிலும் கூற்றுக் குறிப்பு இருக்கும்: யார் பேசுகிறார், யாரிடம், எந்தச் சூழலில். தலைவன் வேலிக்கு அப்பால் வந்து நிற்கிறான். தலைவி தோழியிடம் பேசுவதுபோல் அவன் காதில் விழும்படி பேசுகிறாள். அவன் இரவில் வரும் மலைவழியில் யானையும் பாம்பும் உண்டென்று அஞ்சுகிறாள். சூழலும் மரபும் தெரிந்தவருக்கு இது திருமணக் கோரிக்கை. இரவில் வந்து போனது போதும், ஊரறிய மணந்துகொள் என்கிறாள் அவள். மரபு தெரியாத பிள்ளையிடம் இதே பாடலைக் கொடுத்து மையக் கருத்தைக் கேட்டால் காட்டு வழியின் ஆபத்து என்று எழுதும். அந்த விடைக்குச் சுழி போடுகிற நாம், மணந்துகொள்ளும்படி தலைவனைத் தூண்டும் இந்த வரைவு கடாதல் மரபைப் பற்றி அந்தப் பிள்ளைக்கு என்றைக்காவது உட்கார்ந்து சொல்லியிருக்கிறோமா? ஊகித்தல் என்பதைத் தனியாகக் கற்றுக்கொடுக்க முடியும் என்று நம்புகிறவர்கள் குறுந்தொகையில் ஒரு பத்துப் பாடலையாவது கூற்றை மறைத்துவிட்டுப் படித்துப் பார்க்கட்டும்.

உ.வே.சாமிநாதையரின் வாழ்க்கையிலிருந்து ஒரு நிகழ்ச்சி பலருக்கும் தெரியும். அதிலிருந்து நாம் எடுக்க வேண்டிய பாடத்தை எடுக்கவில்லை என்பதால் மறுபடி சொல்கிறேன். 1880. அவருக்கு வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பயின்றவர். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, உலா என்று நூற்றுக்கணக்கில் படித்தவர். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். அந்த ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். இவர் பட்டியலைச் சொல்லச் சொல்ல அவர் அசையவே இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். இல்லை; ஆனால் நூல் கிடைத்தால் படித்துவிடலாம் என்ற துணிவு இவருக்கு இருந்தது.

நூல் கிடைத்தது. புரியவில்லை. இன்றைய பயிற்சி ஏடுகள் கேட்கும் எந்தத் திறனில் அவருக்குக் குறை? சொல் அறிவு உண்டு. இலக்கணத்தில் கரை கண்டவர். தொடை, அணி, யாப்பு எல்லாம் விரல் நுனியில். பிறகு நச்சினார்க்கினியர் உரையும் கைக்கு வந்தது. அப்படியும் பாட்டின் பல இடங்கள் திறக்கவில்லை, ஏனென்றால் அது ஜைன நூல். ஜைன சமயம் அவருக்குத் தெரியாது. அவர் என்ன செய்தார்? கும்பகோணத்திலேயே வாழ்ந்த ஜைனர்களின் வீடுகளைத் தேடிப் போனார். அவர்கள் சிந்தாமணியைத் தங்கள் சமய நூலாகப் போற்றிப் படித்துவந்தவர்கள். அவர்களிடம் உட்கார்ந்து கேட்டார். அவர்களுடைய கோட்பாடுகளை, கதைகளை, சடங்குகளைக் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஒவ்வொன்றாக வரிகள் திறந்தன. 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. அறிவைத் தேடிப் போனதால் புரிந்தது; புரிந்ததால் பதிப்பு வந்தது. தமிழின் மிகப் பெரிய வாசகர்களில் ஒருவருக்கே இதுதான் வழி என்றால், பதினைந்து வயதுப் பிள்ளைக்கு மட்டும் ஐந்து உத்திகள் அச்சிட்ட ஒரு தாள் போதும் என்று எப்படிச் சொல்கிறோம்?

இதை நம் அரசுகளும் ஒருமுறை ஒப்புக்கொண்டிருக்கின்றன, தங்களை அறியாமல். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஓ.இ.சி.டி. நடத்தும் பீசா தேர்வின் 2009 சுற்றின் நீட்சியில் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டன. 2011 இறுதியில் முடிவு வந்தபோது வாசிப்பில் இரண்டு மாநிலங்களும் பட்டியலின் அடியில் கிடந்தன. இந்தியா அடுத்த சுற்றிலிருந்து விலகிக்கொண்டது. கேள்விகள் நம் பண்பாட்டுச் சூழலுக்கு அந்நியமானவை என்பது சொல்லப்பட்ட காரணம். அந்தக் காரணத்தில் எவ்வளவு உண்மை, எவ்வளவு சாக்கு என்பது தனி விவாதம். எழுத்துக்கூட்டவே திணறிய பிள்ளைகளும் அந்த எண்ணிக்கையில் உண்டு. என் கேள்வி வேறு. பழக்கமில்லாத சூழலைப் பற்றிய பத்தி பிள்ளைக்குப் புரியாது என்பது உங்கள் நிலைப்பாடு. நல்லது. அப்படியானால் அந்தப் பழக்கத்தை உண்டாக்குவது உங்கள் கடமை. திருநெல்வேலிப் பிள்ளைக்கு அந்நியமான பத்திகளையே மாதந்தோறும் மாதிரித் தேர்வாகக் கொடுத்துவிட்டு, திறன் போதவில்லை என்று அதே பிள்ளையின் தரநிலை அட்டையில் எழுதுவது எந்த நியாயத்தில் சேரும்?

இலக்கியத்துக்கு வருவோம். இங்கேதான் எனக்கு ஆற்றாமை அதிகம்.

மேல்நிலை வகுப்புத் தமிழ் வினாத்தாளில் நயம் பாராட்டுக என்று ஒரு கவிதையைக் கொடுப்பார்கள். பாடநூலில் இல்லாத கவிதையாகவும் இருக்கலாம். மனப்பாடத்தால் எழுத முடியாத வினா, ஆகவே உண்மையான திறனைச் சோதிக்கும் வினா என்று இதைப் புகழ்கிறவர்கள் உண்டு. அதற்கு வரும் விடைகளைப் படித்திருக்கிறார்களா அவர்கள்? திரண்ட கருத்து, மையக் கருத்து, மோனை, எதுகை, முரண், இயைபு, அணி, சந்தம், சுவை, கற்பனை. தலைப்புகள் எல்லாருக்கும் ஒன்றே. ஒவ்வொரு தலைப்பின் கீழும் கைடு தந்த முன்வாசகம் ஒன்று. காட்டுக்கு யானை எப்படியோ பாட்டுக்கு மோனை அப்படி என்று தொடங்கி, மதுரையும் வைகையும் எதுகைக்கு வந்து, பிறகு கவிதையிலிருந்து இரண்டு சொற்களை எடுத்து முதலெழுத்துக்கு அடிக்கோடு. கவிதை மழையைப் பற்றியதா, மரணத்தைப் பற்றியதா என்று பார்க்காமலே விடையில் முக்கால் பங்கை எழுதிவிடலாம், எழுதுகிறார்கள், மதிப்பெண்ணும் விழுகிறது. மனப்பாடத்தை ஒழிக்க வந்த திறன் வினா, கவிதையே தேவைப்படாத மனப்பாடத்தில் முடிந்திருக்கிறது. திறனைப் பொருளிலிருந்து பிரித்தால் இப்படித்தான் ஆகும். வெறும் பட்டியல்தான் எஞ்சும், பட்டியலை மனப்பாடம்தான் செய்ய முடியும்.

மரபுப் பாவில் அடிதோறும் எதுகை வருவது யாப்பின் இயல்பு. அதைக் கண்டுபிடித்துச் சொல்வது, வீட்டுக்குச் சுவர் இருக்கிறது என்று சொல்வதற்குச் சமம். கேட்க வேண்டியது வேறு. இந்தக் கவிஞர் எங்கே ஓசையை மாற்றினார், அந்த இடத்தில் என்ன நடக்கிறது? ஏன் இந்தச் சொல், இதற்கு நிகரான வேறு சொல் வந்திருந்தால் என்ன இழப்பு? இதற்கு விடை சொல்ல வேண்டுமானால் அந்தக் கவிஞரின் பத்துக் கவிதைகளையாவது படித்திருக்க வேண்டும். அவர் எப்போதும் எப்படி எழுதுவார் என்று தெரிந்தவருக்குத்தான் இங்கே மாறியிருக்கிறார் என்பது தெரியும்.

பெயரில்லாக் கவிதையைக் கொடுத்து ஆராயச் சொல்லும் முறைக்கு மூலவராகச் சொல்லப்படுபவர் கேம்பிரிட்ஜின் ஐ.ஏ.ரிச்சர்ட்ஸ். அவர் 13 கவிதைகளை, எழுதியவர் பெயரும் காலமும் சொல்லாமல், தம் மாணவர்களிடம் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னார். 1929இல் வெளிவந்த அவர் நூலில் அந்தக் கருத்துகளைப் பார்க்கலாம். இங்கிலாந்தின் தேர்ந்த மாணவர்கள், நேர்ப்பொருளையே தவறவிட்டிருக்கிறார்கள். கவிதை என்ன சொல்கிறது என்று பார்க்காமல், தங்கள் மனத்தில் முன்பே தயாராக இருந்த உணர்ச்சிகளை அதன்மேல் ஏற்றியிருக்கிறார்கள். ரிச்சர்ட்ஸ் இதை ஒரு நோயின் ஆவணமாகத்தான் பதிவு செய்தார். அந்த நோயைக் காட்டிய சோதனையையே நாம் மருந்தாக எடுத்துக்கொண்டு, ஆண்டுக்கு லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம்.

பத்தாம் வகுப்புத் தமிழ் நூலின் விரிவானத்தில் கி.ராஜநாராயணனின் கோபல்லபுரத்து மக்களிலிருந்து ஒரு பகுதி இருக்கிறது. பசியால் துவண்டு வரும் ஒரு வழிப்போக்கரை அன்னமய்யா அழைத்துப் போய் உணவு கிடைக்கச் செய்கிறான். அந்தப் பெயருக்கும் செயலுக்கும் உள்ள பொருத்தத்தை எழுதச் சொல்லி ஒரு நெடுவினா. வினாவில் பிழையில்லை. ஆனால் கரிசல் நிலம் எப்படியிருக்கும், மழை பொய்த்த ஆண்டில் அங்கே ஒரு கவளம் கம்மஞ்சோற்றுக்கு என்ன விலை என்று தெரியாத பிள்ளைக்கு அந்தச் செயலின் கனம் எட்டாது. பெயர்ப் பொருத்தத்தைக் கைடிலிருந்து எழுதிவிட்டுப் போய்விடும். அதே இடைசெவல் ஊர்க்காரர், கி.ரா.வின் நண்பர், கு.அழகிரிசாமி. அவருடைய ராஜா வந்திருக்கிறார் கதையை அதே வாரத்தில் வகுப்பில் வாசித்தால் போதும். ஏழை வீட்டுக்கு அதைவிட ஏழையான ஒரு குழந்தை வந்து சேர்கிற கதை அது. அடுத்து, இன்னொரு கரிசல் எழுத்தாளர் பூமணி. கி.ரா. தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதியிலிருந்து சில பக்கங்கள். அந்த மண்ணின் புவியியலைப் பற்றி ஒரு கட்டுரை. ஒரு மாதம் கரிசலில் இருந்துவிட்டு வந்த வகுப்பிடம் பிறகு அன்னமய்யாவைப் பற்றிக் கேளுங்கள். விடைகள் ஒன்றுபோல் இருக்காது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்றைத் தாண்டிப் போக நான் விரும்பவில்லை. வாசிப்பு உத்திகளைக் கற்றுக்கொடுத்தால் பலன் இருக்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000ஆம் ஆண்டு அறிக்கையில் அதைச் சொன்னது. உண்மைதான். படிக்கும்போது நின்று யோசி, புரிகிறதா என்று உன்னையே கேள், சுருக்கிச் சொல்லிப் பார் என்று ஒரு பிள்ளைக்குச் சொல்லித்தருவது நல்லதே. ஆனால் உளவியலாளர் டேனியல் வில்லிங்ஹாம் அந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து எடுத்துக்காட்டியதைக் கவனிக்க வேண்டும்: பயிற்சி குறுகியதாக இருந்தாலும் நீண்டதாக இருந்தாலும் பலன் ஏறக்குறைய அதேதான். உத்தி ஓர் அறிவுறுத்தல். சில வகுப்புகளில் சொல்லி முடித்துவிடலாம். அதை ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஏழு ஆண்டுகளுக்கு இழுப்பதால் கூடுவது ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் படித்திருக்கக்கூடிய கதைகளும் வரலாறும் அறிவியலும் போனதுதான் மிச்சம்.

இன்னொரு வாதம் சமத்துவத்தின் பெயரால் வருகிறது. எல்லா வீட்டிலும் புத்தகம் இல்லை. பொருளறிவைக் கேட்டால் வசதியான பிள்ளைக்குச் சாதகம். திறன் எல்லாருக்கும் பொது. கேட்க நியாயமாக இருக்கிறது. நடப்பது நேர்மாறு. வசதியான வீட்டுப் பிள்ளைக்குப் பொருளறிவு சாப்பாட்டு மேசையிலேயே கிடைக்கிறது: பயணம், அருங்காட்சியகம், அப்பா வாங்கும் இரண்டு நாளிதழ்கள், அம்மா சொல்லும் கதைகள். பள்ளி அதைக் கொடுக்க மறுத்தால் அந்தப் பிள்ளைக்கு நட்டமில்லை. கொடுக்க வேறு ஆளில்லாத பிள்ளைக்கு எல்லாமே நட்டம். இ.டி.ஹிர்ஷ் என்ற அமெரிக்க இலக்கியப் பேராசிரியர் இதை ரிச்மண்ட் நகரின் ஒரு சமுதாயக் கல்லூரியில் கண்டார். அங்கே பெரும்பாலும் கறுப்பின மாணவர்கள். நட்பைப் பற்றிய பத்தியை அவர்கள் வசதியான பல்கலைக்கழகத்தின் மாணவர்களைப்போலவே படித்தார்கள். உள்நாட்டுப் போரின் தளபதிகள் கிராண்டையும் லீயையும் ஒப்பிடும் பத்தி வந்தபோது நின்றுபோனார்கள். அந்தப் போரில் தென்மாநிலங்களின் தலைநகராக இருந்த ஊரில் வாழ்ந்தவர்கள் அவர்கள். அந்த வரலாற்றை அவர்களிடம் யாரும் சேர்க்கவில்லை. ஹிர்ஷ் 1987இல் எழுதிய நூலைப் பழமைவாதம் என்று பலர் ஒதுக்கினார்கள். படித்தவர்கள் அறிந்திருக்க வேண்டியவை என்று அதில் அவர் தந்த பட்டியலோடு எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் அந்த வகுப்பறையில் அவர் கண்டதை மறுக்க முடியாது.

அப்படியானால் பழையபடி மனப்பாடமா என்று கேட்பார்கள். கைடு விடையை மனப்பாடம் செய்வது பிள்ளைக்கு ஒன்றும் தருவதில்லை. தேர்வு முடிந்த மாலையே மறந்துபோகும். ஒரு கவிதையை மனப்பாடம் செய்வது வேறு காரியம். அது உள்ளே தங்கி, அடுத்த கவிதையைப் படிக்கும்போது எழுந்து வரும். பாடம் கேட்கும் முறையைச் சொல்லும் நன்னூல், ஆசிரியரிடம் எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் பிடிபடும், உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால், மீதி அரை பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது என்கிறது. நன்னூலாசிரியர் பவணந்தியார் சொல்லும் இந்த மாணவர் ஒரு நூலையே திரும்பத் திரும்பக் கேட்டு, பேசி, விளக்குகிறவர். நம் வகுப்பில் ஒரு பாடவேளைக்கு ஒரு புதிய பத்தி வருகிறது, ஐந்து வினாவுக்கு விடை எழுதியதும் போய்விடுகிறது.

மாற்ற வேண்டியது வினாத்தாளை, ஏனென்றால் பள்ளி வினாத்தாளைப் பார்த்துத்தான் நடக்கிறது. ஆண்டின் தொடக்கத்திலேயே மூன்று முழு நூல்களை அறிவியுங்கள்: ஒரு நாவல், ஒரு கவிதைத் தொகுதி, ஒரு வரலாற்று நூல் அல்லது தன்வரலாறு. தேர்வறையில் நூலைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதட்டும். அறிமுகமில்லாத பத்தி வேண்டுமென்றால், அந்த ஆண்டு படித்த பொருள்களுக்குள்ளிருந்தே புதிய பத்தியை எடுங்கள். நயம் பாராட்டச் சொல்லும்போது, ஏற்கெனவே படித்த கவிஞரின் படிக்காத கவிதையைக் கொடுங்கள். கணக்குப் பாடம் எடுத்துக்கொண்ட நூலகப் பாடவேளையைத் திருப்பிக் கொடுங்கள்.

எந்த மூன்று நூல்கள் என்பதில் சண்டை வரும். சங்கப் பாடல் எவ்வளவு, சமய இலக்கியம் எவ்வளவு, பாமாவின் கருக்கு உண்டா, ஈழத்து எழுத்துக்கும் மலையக எழுத்துக்கும் எவ்வளவு இடம், மொழிபெயர்ப்புகள் வருமா என்று ஒவ்வொன்றுக்கும் ஆளிருப்பார்கள். திறன் கொள்கை இந்தச் சண்டையிலிருந்து பாடத்திட்டக் குழுக்களைக் காப்பாற்றி வந்தது. எந்தப் பத்தியானாலும் சரி என்று சொல்லிவிட்டால் யாருக்கும் கோபமில்லை. அந்த அமைதிக்காகப் பிள்ளைகளின் பன்னிரண்டு ஆண்டுகளைக் கொடுக்க எனக்குச் சம்மதமில்லை. சண்டை நடக்கட்டும், பொதுவெளியில், பெற்றோரும் ஆசிரியரும் எழுத்தாளரும் கேட்கும்படி. அது முடியும்போது மேசையில் நூல்களின் பெயர்கள் இருக்க வேண்டும்.